பழைய டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு: ஃபில்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள செகண்ட் ஹேண்ட் டீசல் காரை வருடக்கணக்கில் ஓட்டினால் ஒன்று பிடிபடும்: ஃபில்டர் தானாகக் கெடுவது அபூர்வம். இன்ஜினில் வேறெங்கோ உள்ள கோளாறுதான் அங்கே கரியாகத் தேங்குகிறது. காரணத்தைத் தேடாமல் ஃபில்டரை மட்டும் சுத்தம் செய்தால் அதே விளக்கு மறுபடி எரியும்.

தேங்கிய கரி எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டுக்காக இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கூடுதல் டீசலைப் பீய்ச்சுவதுதான் ரீஜெனரேஷன். வழக்கமாக 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். அப்போது ஐடிலிங் சற்று ஏறும், மைலேஜ் காட்டி சரியும், சூட்டு வாடை அடிக்கும். அந்த நேரத்தில் வண்டியை அணைக்காதீர்கள். பல இன்ஜின்களில் இந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், கொஞ்சம் சுவர் வழியே ஆயிலில் இறங்கிவிடும். ரீஜெனரேஷன் பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கினால் டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும். மேக்ஸ் கோட்டைத் தாண்டிய ஆயிலோடு ஓட்டவே கூடாது. நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தின்றுவிடும்.

ஸ்கேனரில் பி2463 என்ற பழுது கோட் வந்தால் கரி மிகுந்துவிட்டது. பி2453 என்றால் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சாரின் அளவு நம்பும்படி இல்லை. இரண்டில் எது வந்தாலும் முதல் வேலை சென்சார்தான்: இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் அது பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் போகும் இரண்டு குழாய்களில் வெடிப்பு, அடைப்பு இருக்கிறதா என்று கழற்றியே பாருங்கள். நல்ல ஃபில்டரைத் தூக்கி எறிய வைப்பது பல நேரம் இந்தக் குழாய்கள்தான்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குக் கூலண்ட் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை வேகத்தில் கூலண்ட் 70 டிகிரியைக்கூடத் தொடாது. இன்ஜின் சூடாகவில்லை என்று நினைத்து இசியூ ரீஜெனரேஷனைத் தொடங்காது. எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார் பழுதானாலும், பல கார்களில் டேங்கில் டீசல் மிகக் குறைந்தாலும் இதே கதைதான்.

இவை சரியாக இருந்தும் கரி சீக்கிரம் சேர்ந்தால் ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது), இன்டர்கூலர் ஹோஸ் கசிவு, இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். இன்ஜெக்டருக்கு லீக்-ஆஃப் டெஸ்ட் மட்டும் போதாது. அது இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசலின் அளவைத்தான் சொல்லும். நாசில் சொட்டுவதை, இன்ஜெக்டரைக் கழற்றி மெஷினில் வைத்துப் பார்க்கும் பெஞ்ச் டெஸ்ட்தான் காட்டும்.

சாம்பல் வேறு விஷயம். பெரும்பாலும் ஆயில் அடிட்டிவிலிருந்து வரும் அது எந்தச் சூட்டிலும் எரியாது. ரீஜெனரேஷன் முடிந்த உடனேயும் சென்சார் காட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் சாம்பல்மீது சந்தேகப்படலாம். கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. பிறகு இசியூவில் சாம்பல் கணக்கை ரீசெட் செய்ய மறக்கக் கூடாது. மேனுவல் கேட்கும் குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பல கார்களில் அது ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தர அளவுகோல்) சி வகை.

கரி அளவு வரம்பைத் தாண்டியபின் ஸ்கேனரால் கட்டாய ரீஜெனரேஷன் செய்யாதீர்கள். மொத்தக் கரியும் ஒரேயடியாகப் பற்றினால் ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் உருகும் அல்லது விரிசல் விடும். அளவு வரம்புக்குள் இருந்தால் செய்யலாம். காய்ந்த புல் இல்லாத திறந்த இடத்தில் நிறுத்தி, முடிந்ததும் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் டெயில்பைப் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பாகக் கருங்கரி ஒட்டினால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் செராமிக்கையே யாரோ எடுத்துவிட்டிருக்கலாம்.