ஜப்பான் ரயில் பாஸ்: 50,000 யென்னுக்குப் பெறுமா?

ஜப்பான் பயணம் உறுதியானதும் விமான டிக்கெட், அடுத்து ரயில் பாஸ் என்று கையோடு வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஜே.ஆர். எனும் ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏற விடும் சீட்டு அது. அந்தப் பாஸ் இல்லாவிட்டால் புல்லட் ரயிலில் கால் வைக்க முடியாது என்கிற அளவுக்கு அதன் பெயர் பரவிக் கிடக்கிறது. 2023 செப்டம்பர் வரை அந்த அவசரத்தில் தப்பில்லை. சாதாரண வகுப்பு 7 நாள் பாஸ் அப்போது 29,650 யென்தான். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே போட்ட காசு ஏறக்குறைய வந்துவிடும். 2023 அக்டோபர் 1 முதல் அதே பாஸ் 50,000 யென். 14 நாளுக்கு 80,000, 21 நாளுக்கு 1,00,000. 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி. விலை ஏறியது, ஆனால் பழைய பதிவுகளும் காணொளிகளும் பழைய கணக்கையே இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன. நம்மூர்க் காசில் ஒரு ஆளுக்கு 28,000 ரூபாயைத் தொடும் சமாச்சாரம் இது. நாலு பேர் குடும்பம் என்றால் வாங்குமுன் ஒரு தாளும் பேனாவும் எடுப்பது நல்லது.

முதலில் எல்லாரும் போகும் பாதை. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி, டோக்கியோ, கியோட்டோ, ஒரு நாள் நாரா, ஒசாகா, மறுபடி டோக்கியோ, விமானம். டோக்கியோ–கியோட்டோ, நொசோமி எனும் வேகமான புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கையோடு சுமார் 14,170 யென். கியோட்டோ–நாரா போக வர 1,440. கியோட்டோ–ஒசாகா 580. ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையமான ஷின்-ஒசாகாவிலிருந்து டோக்கியோ சுமார் 14,720. நரிட்டா எக்ஸ்பிரஸில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் போக-வரச் சீட்டு 5,000. கூட்டினால் 36,000 யென்னுக்குள் முடிகிறது. பருவத்தைப் பொறுத்து இருக்கைக் கட்டணம் நூறு இருநூறு ஏறி இறங்கும், அவ்வளவுதான். பாஸ் வாங்கினால் 14,000 யென் நஷ்டம். அதுவும் இந்தப் பயணம் முழுவதும் 7 நாளுக்குள் அடங்கினால். பத்து நாள் பயணத்தில் நரிட்டா எக்ஸ்பிரஸின் ஒரு பக்கமாவது பாஸுக்கு வெளியே விழும், அப்போது நஷ்டம் இன்னும் கூடும்.

ஹிரோஷிமாவைச் சேர்த்தால்? டோக்கியோவிலிருந்து நேராக ஹிரோஷிமா சுமார் 19,760, ஹிரோஷிமா–கியோட்டோ 11,600 அளவில், கியோட்டோ–டோக்கியோ 14,170. மியாஜிமா தீவுக்கு ரயிலும் படகும் போக வர 1,240. நரிட்டா எக்ஸ்பிரஸ் 5,000. மொத்தம் 51,800 அளவில் வரும். பாஸ் ஜெயித்ததுபோலத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு நொசோமி ரயிலுக்குப் போட்டது, பாஸ் கட்டணத்தில் நொசோமி அடங்காது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

டோக்கியோ–ஒசாகா தடத்தில் மூன்று வகை ரயில் ஓடுகிறது. நொசோமி பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும், கியோட்டோவுக்கு 2 மணி 15 நிமிடம். ஹிகாரி இன்னும் சில இடங்களில் நிற்கும், 2 மணி 40 நிமிடம். கொடாமா ஒரு நிலையம் விடாமல் நின்று போகும், மூன்றரை மணிக்கும் மேல். பாஸ் காட்டி ஏறக்கூடியவை ஹிகாரியும் கொடாமாவும். நொசோமி வேண்டுமென்றால் தனியாகச் சிறப்புச் சீட்டு எடுக்க வேண்டும். டோக்கியோ–கியோட்டோவுக்கு 4,960 யென், டோக்கியோ–ஹிரோஷிமாவுக்கு 6,500. இந்த வசதியே 2023 அக்டோபரில்தான் வந்தது, அதற்குமுன் பணம் கொடுத்தாலும் பாஸில் நொசோமி கிடையாது. கியோட்டோ வரை 25 நிமிட வித்தியாசத்துக்கு ஹிகாரியே போதும் என்று தோன்றும், அது சரிதான். ஆனால் நொசோமி மணிக்குப் பத்துக்கு மேல் ஓடும் நேரத்தில் ஹிகாரி மணிக்கு இரண்டுதான். பாஸ் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த இரண்டில்தான் குவிவார்கள். செர்ரி மலரும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் நாலு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். ஹிரோஷிமாவுக்கோ வழியில் ஷின்-ஒசாகா அல்லது ஷின்-கோபேயில் இறங்கி சகுரா ரயிலுக்கு மாற வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் முடியும் பயணம் ஐந்து மணி நேரமாகிவிடும். ஆக, ஹிரோஷிமா பாதையில் பாஸ் சமன், அல்லது நொசோமிக்குச் சேர்த்துக் கொடுத்தால் தோல்வி.

பாஸ் உண்மையில் ஜெயிக்கும் இடம் வேறு. டோக்கியோவிலிருந்து வடக்கே ஷின்-ஹகோடாடே-ஹொகுதோ அல்லது தெற்கே கியூஷுவின் ஹகாடா, இரண்டுமே ஒரு வழிக்கே 23,000 யென்னைத் தாண்டும். ஹகோடாடே போய்த் திரும்பி, அதே வாரத்தில் கியோட்டோவும் போனால் பாஸ் இல்லாத செலவு 60,000-ஐத் தாண்டும். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டமாய் ஓடுகிறவர்களுக்கு, ரயிலேறுவதற்காகவே ஜப்பான் போகிறவர்களுக்கு, இது இன்றும் நல்ல சரக்கு. வடக்குத் தடத்தில் உட்சுனோமியா–மொரியோகா இடையே மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம், நொசோமி கட்டுப்பாடும் அங்கே இல்லை. கோயில், தோட்டம், கடைத்தெரு என்று ஊருக்கு மூன்று நாள் தங்கிப் பார்க்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

அவர்களுக்குப் பொருத்தமானது இரண்டு. ஒன்று, வட்டாரப் பாஸ். மேற்கு ஜப்பானின் ரயில் நிறுவனமான ஜே.ஆர். வெஸ்ட் தரும் கான்சாய் (கியோட்டோ, ஒசாகா வட்டாரம்)–ஹிரோஷிமா பாஸ் 5 நாளுக்கு 17,000 யென். ஷின்-ஒசாகா–ஹிரோஷிமா ஷின்கான்சென் எனும் புல்லட் ரயிலில் போய்த் திரும்பினாலே 21,000 ஆகும், முதலீடு அங்கேயே திரும்பிவிடும். நொசோமியும் உண்டு. கூடவே கான்சாய் விமான நிலையத்து ஹருகா ரயில், நாரா, ஹிமேஜி, மியாஜிமா படகு. கவனிக்க வேண்டிய ஒன்று: கியோட்டோ–ஷின்-ஒசாகா துண்டில் ஷின்கான்சென் இதில் சேராது, அந்த அரை மணி நேரம் சாதாரண ரயிலில்தான் போக வேண்டும். டோக்கியோவில் இறங்கி கான்சாயிலிருந்து நாடு திரும்புமாறு விமானத்தை எடுத்தால் திரும்பி வரும் ரயிலே மிச்சம். ஒரே ஊருக்குப் போய்த் திரும்பும் டிக்கெட்டைப் பழக்கதோஷத்தில் எடுப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இரண்டு, தனித்தனி டிக்கெட். ஸ்மார்ட்-இஎக்ஸ் செயலியில் கடன் அட்டையைப் பதிந்து, கடவுச்சீட்டை மாதிரி எதையும் காட்டாமல் நொசோமி டிக்கெட் எடுக்கலாம். பல நாள் முன்பே எடுத்தால் ஹயாடொகு என்ற தள்ளுபடி கிடைக்கும். அதில் மாட்டும் இடம் நம் வங்கியின் ஓ.டி.பி. அங்கே போய் உள்ளூர் சிம் போட்டபின் குறுஞ்செய்தி வராது, டிக்கெட்டும் நிற்கும். பெரிய ரயில்களை ஊரிலேயே எடுத்துவிடுங்கள், அல்லது இந்திய எண்ணில் ரோமிங்கை விட்டுவையுங்கள். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை போகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்து பாஸ்தான் என்று முடிவானால், எங்கே வாங்குவது? முகவரிடம் வாங்கினால் கையில் வருவது பாஸ் அல்ல, எக்ஸ்சேஞ்ச் ஆர்டர் எனும் மாற்றுச்சீட்டு. அது வழங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஜப்பானில் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றும்வரை இருக்கை முன்பதிவு செய்ய முடியாது. ஜே.ஆர். நிறுவனங்களின் அதிகாரப்பூர்வத் தளத்தில் வாங்கினால் இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அதாவது நம் நேரம் காலை 6:30-க்குத் திறக்கும். ஹிகாரியில் இடம் பிடிப்பதே இந்தப் பாஸின் பாதிப் பிரச்சினை என்பதால், தளத்தில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பாஸிலோ மாற்றுச்சீட்டிலோ இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஒரே கட்டத்தில் விரித்தெழுதப்பட்டிருக்கும். வழக்கமாகப் போடும் இன்ஷியலோடு படிவத்தை நிரப்பினால் கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். எழுத்துக்கு எழுத்து கடவுச்சீட்டைப் பார்த்தே நிரப்புங்கள். இன்னொன்று: தற்காலிக வருகையாளர் என்று குடியேற்ற அதிகாரி ஒட்டும் வில்லை கடவுச்சீட்டில் இருந்தால்தான் பாஸ் கைக்கு வரும். அங்கே படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ இருக்கும் அண்ணனோ மச்சானோ உங்களோடு இந்தப் பாஸில் வர முடியாது. குழுவாகக் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். விசா கைக்கு வருமுன் மாற்றுச்சீட்டு வாங்குவதும் வீண் அவசரம். இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் இ-விசா வந்துவிட்டது. விமான நிலையத்தில் அதைக் கைபேசியில் இணையத்தோடு திறந்து காட்ட வேண்டும். அச்செடுத்த தாள் செல்லாது.

பாஸின் 7 நாள் என்பது காலண்டர் நாள், 168 மணி நேரமல்ல. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் அந்த ஒரு நாள் முடிந்தது. எனவே விமானம் இறங்கிய அன்றே தொடங்குவது, டோக்கியோவில் மூன்று நாள் சுற்றப்போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. தொடக்க நாளை டோக்கியோவை விட்டுக் கிளம்பும் நாளாக எழுதிக் கொடுங்கள். பாஸ் சின்ன டிக்கெட் அளவுக்குத்தான் இருக்கும். தானியங்கிக் கதவில் நுழைத்தால் மறுபக்கம் வெளியே வரும், எடுக்க மறந்தால் போனதுதான், மறுபடி தர மாட்டார்கள். பின்பக்கம் காந்தப்பட்டை என்பதால் காந்தப் பூட்டு வைத்த பர்ஸில் வைக்க வேண்டாம். தொடங்காத பாஸைப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். தொடங்கிவிட்டால் ஒரு யென் திரும்பாது.

பாஸ் எங்கெல்லாம் செல்லாது என்பதும் வாங்கிய பிறகே பலருக்குத் தெரிகிறது. டோக்கியோ மெட்ரோ, கியோட்டோ பேருந்து, சுரங்க ரயில் எதுவும் சேராது. ஹகோனேவுக்கு ஒடவாரா வரை செல்லும், அப்புறம் தனியார் ரயில். ஃபுஜி மலையடி கவாகுச்சிகோவுக்கு ஒட்சுகியோடு சரி. கோயாசான் மலைக்கு நன்காய் ரயில்தான். கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் பாஸ் செல்லும், ஜே.ஆர். நாரா தடத்தில் இரண்டாவது நிலையம், அதற்கு 150 யென்னே கொடுத்துவிடலாம்.

ஊருக்குள் சுற்ற, பணம் ஏற்றிவைத்துக் கதவில் தொட்டுப் போகும் சுயிகா போன்ற ஐ.சி. கார்டு போதும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு: டோக்கியோ வட்டாரத்தில் கார்டைத் தொட்டு உள்ளே போய், ஒசாகா வட்டாரத்தில் தொட்டு வெளியே வர முடியாது. ஒரு வட்டாரத்துக்குள்ளேதான் அது செல்லும். வட்டாரம் மாறும் பயணத்துக்குத் தனி டிக்கெட் எடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிகா கார்டு 28 நாளில் காலாவதி, மிச்சத் தொகை திரும்பாது. ஆகவே கடைசி நாட்களில் ஆயிரம் ஆயிரமாக ஏற்றுங்கள்.

பெட்டியைப் பற்றி. டோக்கியோ–ஒசாகா–ஹகாடா தடத்தில், நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குக் கடைசி வரிசையின் பின்னால் இடமுள்ள இருக்கையைத் தேர்ந்து முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் அபராதம். நம்மவர்கள் ஊறுகாய், பருப்புப்பொடி, பிள்ளைகளின் ஸ்வெட்டர் என்று நிரப்பும் 30 அங்குலப் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அளந்து பாருங்கள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. அதைவிட நல்ல வழி, கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட யமாடோ நிறுவனத்தின் டக்யூபின் எனும் பெட்டி அனுப்பும் சேவை. ஓட்டல் வரவேற்பில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஓட்டலில் இருக்கும், பெரிய பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென். ஓரிரவுக்கான துணியை மட்டும் தோள்பையில் வையுங்கள்.

சாப்பாடு கையில் இல்லாமல் ஏறாதீர்கள். நொசோமி, ஹிகாரியில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. நிலையத்துப் பெட்டிச் சாப்பாட்டில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் வேகவைத்த சாறு மீன் சாறாக இருக்கும், சைவக்காரர்கள் சோற்று உருண்டையிலேயே பார்த்து வாங்க வேண்டும். உப்புப்போட்ட பிளம் உருண்டையும் வாழைப்பழமும் இருந்தால் கியோட்டோ வரை தாங்கும்.

டோக்கியோவிலிருந்து மேற்கே போகும்போது ஃபுஜி மலை வலப்பக்கம் வரும், ரயில் கிளம்பி முக்கால் மணி நேரத்தில், ஷின்-ஃபுஜி நிலையத்தை ஒட்டி. சாதாரண வகுப்பில் 'ஈ' எழுத்து ஜன்னல் இருக்கை, முதல் வகுப்பில் 'டி'. காலை ரயிலாகப் பாருங்கள், மேகம் மூடுவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான்.