அமேசன் காட்டுப் பயணப் பக்கேஜுக்குக் காசு கட்டமுதல் இதை வாசியுங்கள்

வவுனியா டவுனில் இருக்கும் ஒரு பயண முகவர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறார். இப்போது கிளிநொச்சிப் பக்கமும் ஆள் பிடிக்கிறாராம். வெளிநாட்டுக் காசு வரும் வீடுகள்தான் அவருடைய குறி.

கனடா அண்ணா பிரேசிலுக்கு வருவதால், அம்மாவும் நானும் போய் மனாவுஸில் சந்திப்பதாக ஏற்பாடு. அமேசன் காட்டுக்கு நடுவில், நீக்ரோ ஆற்றங்கரையில் உள்ள பெரிய நகரம். டிக்கெட், ஹோட்டல், காட்டு விடுதி, படகு எல்லாவற்றுக்கும் முழுக்காசையும் முதலே வாங்கினார். “அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அங்க எங்கட ஆள் நிப்பார்” என்றார்.

ஒருவரும் நிற்கவில்லை. ஹோட்டலில் இருந்த பெண் எங்கள் தாளில் இருந்த பதிவு இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த இலக்கத்தில் வேறு யாரோ எப்போதோ தங்கிப் போயிருக்கிறார்கள். பழைய தாளில் பெயரையும் திகதியையும் மாற்றி அச்சடித்திருக்கிறார்! கால் வீங்கிப்போய் அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தா. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. பிறகு அண்ணா தன் கார்ட்டில் அறை எடுத்தார்.

காட்டு விடுதிக்கும் பதிவு இல்லை. அதைவிட, வெள்ளக் காட்டுக்குள் வள்ளத்தில் போகலாம் என்று சொல்லி எங்களை அனுப்பியது நவம்பரில். இரணைமடு மாரியில் வான் பாய்ந்து கோடையில் வற்றுவதுபோல அந்த ஆறும் ஏறி இறங்கும். ஜூன் அளவில் உச்சம், அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். இடையில் 10 மீற்றருக்கு மேல் வித்தியாசம். நாங்கள் போனபோது மரங்களுக்கடியில் காய்ந்த சேறு. கறுப்பு நிற நீக்ரோ ஆறும் மண்நிறச் சொலிமோயிஸ் ஆறும் 6 கிலோமீற்றர் கலக்காமல் ஓடும் இடத்தை மட்டும் திரும்பக் காசு கொடுத்துப் பார்த்தோம். அங்கே படகு பிடிப்பதென்றால் கடஸ்தூர் என்ற அரசாங்கப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் அட்டையை ஊசி போடாமலே எடுத்துத் தருவதாகவும் சொன்னார். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள், உயிரோடு விளையாடும் வேலை. பிரேசிலில் இருந்து திரும்பும்போது இலங்கையில் அந்த அட்டை கேட்பார்கள். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் முறையாகப் போடலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும்.

கட்டிய காசுக்கு அவர் தந்த பற்றுச்சீட்டில் ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஹோட்டல் பெயரோ திகதியோ இல்லை. அதைக் காட்டி, “நான் விசா வேலைக்குத்தான் காசு வாங்கினேன்” என்று பொலிஸில் நின்று சொல்கிறார். ஆகவே எந்த முகவரானாலும் எதெதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். விடுதிக்கு நீங்களே நேரே கேட்டு உறுதி செய்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறோம். அவர்களுடைய இலக்கம் 1977. இதே ஆளிடம் காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.