கீழக்கரைப் பக்கம் பழைய புல்லட் வாங்க நினைப்பவர்களுக்கு

இந்த விடுமுறையில் ஊரில் நல்லபடியாக நடந்த எதையும் எழுதப் போவதில்லை. திருமணம், விருந்து, பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் போய்ப் பார்த்தது எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. ஒரு ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் கழுத்துக் குழாயில் அடித்திருந்த நான்கு இலக்கங்கள் மட்டும் பர்மிங்காம் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. எழுதப் போவது அதைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்தில் புல்லட் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாக வரும் வண்டி ஊர் எல்லையைத் தொடும்போதே, வருவது பெரிய வாப்பாதான் என்று உம்மா சொல்லிவிடுவார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, எஞ்சினுக்குள் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு ஓர் உதை. அந்த உதையைக் கற்றுக்கொள்வதற்காகவே வாசலில் காத்துக் கிடந்த பிள்ளைகள் நாங்கள்.

பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச் என்று ஓர் ஊர் இருக்கிறது. புல்லட் பிறந்தது அங்கேதான். அந்தத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டுவிட்டது. 1955-இல் ராயல் என்ஃபீல்டுடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து உருவான என்ஃபீல்டு இந்தியாதான் திருவொற்றியூரில் அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில் ரெட்டிச் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது கீழக்கரைத் தெருதான். அதனால்தான் இந்த முறை ஒரு பழைய புல்லட் வாங்கி, ஊர் வீட்டிலேயே நிறுத்திவைக்க முடிவு செய்திருந்தேன்.

நான் கிளம்புவதற்கு முன்பே மச்சான் ஒரு புரோக்கரைப் பிடித்திருந்தார். "ஒரிஜினல் 68 மாடல், பாய். பேப்பர் எல்லாம் சுத்தம். பெரியபட்டினத்தில் நிற்கிறது" என்று அவர் தொலைபேசியில் உறுதி சொன்னார். கையால் எழுதிய பழைய ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தின் படமும் வந்தது. மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய பதிவெண். இப்போதைய டி.என். 65 வரிசை வருவதற்கு முந்தைய காலத்து எண்; பார்த்ததும் மனம் இளகிவிட்டது. ஆனால் எஞ்சின் எண் எழுதிய இடத்தில் மடிப்பு விழுந்து, கடைசி இரண்டு இலக்கங்கள் மங்கிப் போயிருந்தன. மூன்றா எட்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இணையத்தில் அந்தப் பதிவெண்ணைத் தட்டினால் விவரம் எதுவும் வரவில்லை.

வண்டி ஒரு கிடுகுக் கொட்டகையில் நின்றது. டாங்க் மட்டும் புதுப் பெண் மாதிரி மின்னியது. உச்சிப்புளியில் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை மச்சான் உடன் அழைத்து வந்திருந்தார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை அந்த மனிதர்தான். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

பேட்டரி 12 வோல்ட். அந்தக் காலத்து வண்டி 6 வோல்ட்டில் ஓடியது. பின் மட்கார்டில் இண்டிகேட்டர் மாட்டிய துளைகளை அடைத்துப் பெயின்ட் பூசியிருக்கிறது. அப்படியானால் அது பிற்காலத்து மட்கார்டு. முன் சக்கரத்துப் பிரேக் டிரம் வேறு வண்டியுடையது. கார்புரேட்டர் புதியது. எஞ்சின் அறையின் இரண்டு பாதிகளில் ஒன்று வெளுத்தும் மற்றொன்று கறுத்தும் இருந்தன. இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிடித்துத்தான் பேரிங் துளை கடைவார்கள், வேறு வேறு எஞ்சின்களின் பாதிகளைச் சேர்த்தால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு நேராக உட்காராது என்றார். ஆனால் குறை சொல்லும் குரலில் அவர் எதையும் சொல்லவில்லை. "இந்தக் கரையில் நிற்கிற வண்டி, தம்பி. உப்புக் காற்று எதை விட்டுவைத்தது? மட்கார்டு போனால் மதுரையில் கிடைத்ததை வாங்கி மாட்டுவார்கள். ஓட வேண்டும் அல்லவா?" என்றார்.

எனக்கும் அதில் வருத்தமில்லை. இங்கிலாந்தில் பழைய வண்டிக்காரர்கள் ஒரு திருகாணிக்குக்கூடத் தொழிற்சாலைச் சான்று தேடுவார்கள். நம் ஊரில் அப்படிப் பார்த்தால் ஒரு வண்டியும் மிஞ்சாது. ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி, வயலில் பம்ப் ஓட்டிய எஞ்சின், மைத்துனர் கொடுத்த ஃபோர்க் என்று கூடிக்கூடித்தான் அரை நூற்றாண்டைக் கடந்து வந்திருக்கின்றன. கலப்புப் பாகம் என்பது அந்த வண்டியை யாரோ கைவிடாமல் வைத்திருந்ததற்கு அடையாளம். அதற்காக நான் விலையைக்கூடக் குறைத்துக் கேட்டிருக்க மாட்டேன்.

பிறகு அவர் கழுத்துக்கு வந்தார். ஹேண்டில் தண்டு நுழையும் அந்தக் குழாயில்தான் சேசிஸ் எண், அதாவது வண்டிச் சட்டத்தின் எண், இருக்கும். பெயின்ட் தடிப்பாகப் பூசியிருந்தது. தின்னரில் நனைத்த துணியால் நெடுநேரம் தேய்த்தார். முதல் இலக்கங்கள் துருவுக்குள் மங்கலாகத் தெரிந்தன. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் ஆழமாக, தெளிவாக, சற்றே சாய்ந்து நின்றன. புரோக்கர் மகிழ்ச்சியோடு, "பார்த்தீர்களா, ஆர்.சி.யில் இருக்கிற அதே எண்" என்றார். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"உப்புத் தின்ற இரும்பு வேறு, அரம் தின்ற இரும்பு வேறு, தம்பி."

அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். துருவால் வந்த குழி ஒழுங்கில்லாமல் பரவும். ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம். இங்கே அந்த நான்கு இலக்கங்களைச் சுற்றி இரும்பு தட்டையாக இருந்தது. ஒரே திசையில் ஓடிய மெல்லிய கோடுகள் வெளிச்சத்தில் வரிசையாகத் தெரிந்தன. பழைய எண்ணை அரத்தால் ராவித் தள்ளிவிட்டு, கையால் பஞ்ச் அடித்திருக்கிறார்கள். இலக்கங்களின் வடிவமும் முன்னால் இருந்தவற்றோடு ஒட்டவில்லை.

விற்பவரைக் கேட்டேன். வயதில் மூத்தவர், சலாம் சொல்லித் தொதல் தட்டை நீட்டி வரவேற்றவர். முகத்தில் சிறு சலனம்கூட இல்லை. "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். அதை நம்புகிறேன். எனக்கு ஆறாதது புரோக்கர் அடுத்துச் சொன்னதுதான்: "தெளிவாக இல்லையென்றால் சொல்லுங்கள் பாய், மதுரையில் அழகாக அடித்துத் தருவார்கள். எஞ்சினிலும் சேர்த்து அடித்துவிடலாம். ஆய்வாளர் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் சும்மா கண்ணாடி மாதிரி விழும்." ஏதோ டயர் மாற்றித் தருவதாகச் சொல்வது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

எண் என்பது அலங்காரமா? ராவப்பட்ட எண்ணுக்குக் கீழே இருந்தது எந்த வண்டி? யாரோ ஒருவருடைய வாசலிலிருந்து காணாமல் போன வண்டியாக இருந்தால்? தட்டி அடித்த எண் இரும்புக்குள்ளும் அழுத்தம் விட்டுச் செல்லும். மேலே ராவினாலும் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் பூசி அதை மீட்க முடியும். அன்றைக்கு ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். புரோக்கர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இங்கிலாந்தில் வண்டி எண்ணை இணையத்தில் தட்டினால் தயாரிப்பு ஆண்டு, எஞ்சின் அளவு, பழைய சோதனை முடிவுகள் எல்லாம் செலவில்லாமல் கிடைக்கின்றன. வயதோ அடையாளமோ ஐயத்துக்குரியது என்றால் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொடுக்கிறார்கள். அந்த எண்பலகையைப் பார்த்தாலே வண்டியின் வரலாறு தெளிவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒளிக்க எதுவும் இல்லை. "தெரியவில்லை" என்று எழுதிவைக்க அங்கே இடம் இருக்கிறது. எங்கள் கொட்டகையில் தெரியாததைத் தெரிந்தது போல அடித்துவைக்கிறார்கள்.

காகிதமும் சுத்தமாக இல்லை. வழக்கம் போலக் உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 இரண்டையும் கையெழுத்து மட்டும் இட்டு வெற்றாக மஞ்சள் நிறத்தில் மடித்து வைத்திருந்தார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இறந்தவர் வண்டியை வாரிசு தம் பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. அதை யாரும் தொடவே இல்லை. பதிவும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாம்" என்று புரோக்கர் கடைசியாக ஒரு வழி சொன்னார். அந்த விதிகள் 2021 ஜூலையில் வந்தவை. 50 ஆண்டு கடந்த வண்டியாக இருக்க வேண்டும், சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி எண். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. இரண்டு எஞ்சின்களின் பாதிகள் ஒட்டிய வண்டியை அதில் எப்படி நிறுத்துவது? எஞ்சின் மாற்றினால் அதை மறைக்கத் தேவையே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அந்த நேர்வழி முப்பது வருடத்துக்கும் மேலாகத் திறந்துதான் இருக்கிறது.

மறுநாள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நான் எதிர்பாராத அன்பு கிடைத்தது. விரட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி ஆர்.சி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முதலில் எங்கள் அலுவலகப் பதிவேடான பி ரிஜிஸ்டரின் நகல் கேளுங்கள், அண்ணே. முதல் பதிவில் எழுதிய எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில்தான் இருக்கும். அது கைக்கு வரும்வரை யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்" என்றார். உரிமையாளரின் வாரிசு எந்தத் தாள்களோடு வர வேண்டும் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாரிசைத் தேடி மச்சான் அருப்புக்கோட்டை வரை போய்வந்திருக்கிறார். பெரியபட்டினத்துக்காரர் தினமும் அழைத்து விலையைக் குறைக்கிறார். விலை எனக்குப் பிரச்சினை இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உச்சிப்புளி மெக்கானிக் தொண்டிப் பக்கம் வேறொரு வண்டி இருப்பதாகச் சொல்கிறார். டாங்க் நசுங்கியிருக்கிறதாம், சைலன்சர் வேறு வண்டியுடையதாம். வாங்கலாம். கழுத்தைச் சுரண்டி, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.