சுங்கை சிப்புட் வாசலுக்கு ரோஜாவா, ஸ்ட்ராபெரியா?

மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலைக்குப் போய் வரும் கார்களில் ஒரு ஸ்ட்ராபெரித் தொட்டியாவது இறங்கும். சுங்கை சிப்புட் வெயிலில் அது தழைக்கும், கொடி விடும். பழம் மட்டும் பிடிக்காது. உரக்குறை என்று நினைத்துக் கூடுதலாகப் போடுவார்கள், இலைதான் பெருக்கும். காரணம் இரவுச் சூடு. மொட்டு உருவாக இரவு 15 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் தாழ்நிலத்தில் விடியற்காலையிலும் 23, 24 டிகிரி.

இத்தனைக்கும் ரோஜாவும் ஸ்ட்ராபெரியும் ஒரே குடும்பம். ஸ்ட்ராபெரிப் பூவை உற்றுப் பாருங்கள்: 5 வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மேடு. அந்த மேடுதான் பருத்துச் சிவக்கிறது. மேலே ஒட்டிய 'விதைகள்'தாம் உண்மையான கனிகள். ரோஜாவில் அவை பூவுக்கு அடியிலுள்ள சிறு குடத்துக்குள் இருக்கும். ஆப்பிளும் உறவுதான், ஆனால் குளிர்கால உறக்கம் கேட்கும். இங்கே வாங்கவே வேண்டாம்.

வாசலில் இடம் ஒன்றுதான் என்றால் ரோஜாவுக்கே கொடுங்கள். 12 அங்குலத் தொட்டி. மண் 2 பங்கு, மக்கிய மாட்டெரு 1, சுட்ட உமி 1. தினம் 6 மணி நேர வெயில். தண்ணீர் காலையில், வேரடியில் மட்டும். நம் ஊர்ச் சாயங்கால மழைதான் பெரிய எதிரி: இரவெல்லாம் ஈரமாக நிற்கும் இலையில் ஓரம் சிதைந்த கரும்புள்ளி விழும், சுற்றி மஞ்சளாகும், உதிரும். வெயில் படுகிற கூரை ஓரத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். உதிர்ந்ததைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். வாடிய பூவை, 5 சிற்றிலை உள்ள இலைக்கு அரை சென்டிமீட்டர் மேலே, வெளிப்பக்கம் நோக்கிய கணுமொட்டு பார்த்து நறுக்குங்கள். ஏறக்குறைய 6 வாரத்தில் அடுத்த பூ. ஒட்டுச் செடியென்றால், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை அடியோடு பிய்த்துவிடுங்கள். விட்டால் அதுவே செடியை விழுங்கிவிடும்.

ஸ்ட்ராபெரி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், குருத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். புதைந்தால் அழுகும், தூக்கினால் காயும். காலை வெயில் போதும், ஓடும் கொடிகளைக் கிள்ளுங்கள். பழத்தைக் கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் வாங்கிக்கொள்ளலாம்.

ரோஜாவிலும் பழம் உண்டு. பூவை நறுக்காமல் விட்டால் சில வகைகளில் குடம் சிவந்து பழுக்கும். மருந்தடிக்காத செடியாக இருந்தால் சாப்பிடலாம். உள்ளேயுள்ள மயிரையும் விதையையும் முழுக்கச் சுரண்டி எடுத்தபிறகுதான், இல்லாவிட்டால் தொண்டையை அரிக்கும்.