கும்மிடிப்பூண்டி, டொரண்டோ, லண்டன்: ஏதிலித் தமிழருக்கு எங்கே என்ன கிடைக்கிறது?

அண்ணன் குடும்பம் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில், தம்பி குடும்பம் டொரண்டோவில். இப்படிப் பிரிந்த ஈழத்துக் குடும்பங்களைச் சென்னையில் பலருக்கும் தெரியும். இரு பக்கத்தையும் ஒப்பிட்டால், உதவித்தொகை எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

தொகையில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். 2021-இல் மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என உயர்ந்தது. ரேஷன் அரிசி உண்டு. புது வீடுகளும் எழும்பியிருக்கின்றன. பிரிட்டனில் தஞ்சம் கேட்டவருக்கு வாரம் சுமார் 49 பவுண்டு. அந்த விலைவாசிக்கு அது சாப்பாட்டுக்கே இழுபறி.

வேலை விஷயத்தில் பிரிட்டன்தான் மோசம். மனுவுக்கு முடிவு வராமல் 12 மாதம் கடந்த பிறகே வேலை அனுமதி கேட்க முடியும். அதுவும் பட்டியலிட்ட வேலைகளுக்கு மட்டும். கனடாவில் மனு விசாரணைக்குத் தகுதி பெற்று, மருத்துவப் பரிசோதனையும் முடிந்தால் அனுமதி கிடைக்கும். தமிழ்நாட்டில் கூலி வேலையை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அது உரிமையும் இல்லை. இன்ஜினியரிங் முடித்த பையன் பெயிண்டிங் வேலைக்குப் போவது அதனால்தான்.

குடியுரிமையில்தான் நெஞ்சு கொதிக்கிறது. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டவர் நிரந்தர வசிப்புரிமை பெற்று, ஐந்து ஆண்டில் 1,095 நாள் அங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். அங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பிலேயே குடிமகன். தஞ்ச மனு தோற்றால் நாடுகடத்தல் உண்டு. 2010-இல் கப்பலில் போய்ச் சேர்ந்த 492 தமிழரில் பலர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் கிடந்தார்கள். ஆனாலும் அங்கே ஒரு பாதை இருக்கிறது.

இங்கேயோ, 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகன். அதன்பின் ஏதிலிப் பெற்றோருக்கு முகாமில் பிறந்த பிள்ளை, தமிழ்நாட்டைத் தவிர வேறு ஊரே பார்த்திராவிட்டாலும் அந்நியர். ஆவணமின்றி வந்தவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று சட்டம் வகைப்படுத்துவதால், குடியுரிமை பெறும் பதிவு வழியும் நீண்டகால வசிப்பு வழியும் அவர்களுக்கு அடைபட்டுள்ளன. சில அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் தண்டனையை நீக்கியவர்கள் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையையும் நீக்கி, குடியுரிமை மனுக்களை வாங்க வேண்டும்.