டாக்கர் டெஸ்க்டாப்: 8 ஜிபி லேப்டாப்புக்கு ஒத்துவருமா?

மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ‘கண்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது டாக்கர் எஞ்சின்; அதை விண்டோஸிலும் மேக்கிலும் எளிதாக நிறுவித் தரும் செயலி டாக்கர் டெஸ்க்டாப். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் டாக்கர் டெஸ்க்டாப்பைத் தயங்காமல் போடலாம். 8 ஜிபிதான் என்றால் வேண்டாம். அதே டாக்கர் எஞ்சினை டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) தரும் உபுண்டு லினக்ஸுக்குள் நேரடியாக நிறுவிக்கொள்ளுங்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சிறு மென்பொருள் நிறுவனங்களிலும் கல்லூரி லேப்களிலும் 8 ஜிபி மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. இந்த மதிப்புரை முக்கியமாக அவர்களுக்குத்தான். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

நாம் பேசும் லினக்ஸ் கண்டெய்னருக்கு லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேண்டும். விண்டோஸில் அது கிடையாது. ஆகவே டாக்கர் டெஸ்க்டாப் டபிள்யூஎஸ்எல் 2 என்ற மெய்நிகர் மெஷினை எழுப்பி, எஞ்சினை அதற்குள் ஓட்டுகிறது. விண்டோஸ், நடுவில் டபிள்யூஎஸ்எல், உள்ளே கண்டெய்னர் என்று மூன்று அடுக்கு. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இந்த நடு அடுக்கு கண்ணில் படாது. இந்தத் தயாரிப்பின் பெரிய வசதி அது. கோளாறு வந்தால் பெரும்பாலும் அந்த நடு அடுக்கில்தான் வருகிறது, அப்போதும் அது கண்ணில் படாது. எங்கள் முக்கியக் குறை இதுதான். ‘எஞ்சின் ஸ்டார்ட்டிங்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும் திரை, காரணத்தைச் சொல்வதில்லை.

அப்படிச் சுற்றினால் முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தைத் திறந்து ‘விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி எஸ்விஎம் அணைந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் --அப்டேட்’, பிறகு ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’, அதன்பின் டாக்கரை மீண்டும் திறப்பது. பல சிக்கல்கள் இதிலேயே தீரும். ட்ரபிள்ஷூட் பக்கத்தில் உள்ள ‘ரீசெட் டு ஃபேக்டரி டிஃபால்ட்ஸ்’ பொத்தானைக் கடைசிவரை தொடாதீர்கள். இமேஜ்களோடு (கண்டெய்னர்களை உருவாக்கும் அச்சுகள்) வால்யூம்களும் (கண்டெய்னரின் டேட்டாவைச் சேமிக்கும் இடங்கள்), அவற்றில் இருக்கும் டேட்டாபேஸும் சேர்ந்தே போய்விடும். ‘க்ளீன் / பர்ஜ் டேட்டா’வும் அப்படித்தான்.

இனி ரேம். டாஸ்க் மேனேஜரில் ‘விஎம்மெம்’ அல்லது ‘விஎம்மெம்டபிள்யூஎஸ்எல்’ என்ற பெயரில் ஒரு பிராசஸ் 3, 4 ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கண்டெய்னர்களை நிறுத்தினாலும் உடனே இறங்காது. மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ள டபிள்யூஎஸ்எல்லுக்கு அனுமதி உண்டு, தான் படித்த கோப்புகளை லினக்ஸ் கெர்னல் கேச்சில் வைத்துக்கொள்ளும், விண்டோஸிடம் திருப்பித் தர அவசரம் காட்டாது. டாக்கர் டெஸ்க்டாப்பில் 2023-ல் ‘ரிசோர்ஸ் சேவர்’ வந்தது. மேக்கில் அது மெய்நிகர் மெஷினையே நிறுத்திவிடுகிறது. டபிள்யூஎஸ்எல்லில் அதே மெஷினை உங்கள் உபுண்டுவும் பகிர்ந்துகொள்வதால், எஞ்சினை மட்டும் இடைநிறுத்துகிறது. விண்டோஸ்காரர்களுக்குக் கிடைக்கும் மிச்சம் அவ்வளவு குறைவு. போதாக்குறைக்கு, டபிள்யூஎஸ்எல் முறையில் செட்டிங்ஸில் ரேம் வரம்பு வைக்கவும் இடமில்லை. அதைக் கோப்பு எழுதித்தான் செய்யவேண்டும்.

சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரில் ‘.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ என்ற கோப்பு. முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘டபிள்யூஎஸ்எல்2’. அடுத்த வரிகளில் ‘மெமரி=3ஜிபி’, ‘ப்ராசஸர்ஸ்=2’, ‘ஸ்வாப்=2ஜிபி’ (இதில் ஜிபியை மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில்). நோட்பேடில் சேமித்தால் பெயரின் கடைசியில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும், எக்ஸ்ப்ளோரர் அதை மறைத்துவிடும். ‘எழுதியும் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுங்கள். பிறகு டாக்கரை மூடி, ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து, பத்து விநாடியாவது பொறுத்துத் திறக்கவேண்டும். உபுண்டுவில் ‘ஃப்ரீ -எச்’ அடித்தால் புதிய வரம்பு தெரியும்.

வரம்பை ரொம்ப இறக்கினால் வேறு தொல்லை. கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றுபோகும். 128-ஓடு 9 சேர்ந்தது 137. 9 என்பது கெர்னல் அனுப்பும் ‘கில்’ சிக்னல். ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ வெளியீட்டில் ‘ஓஓஎம்கில்ட்’ ‘ட்ரூ’ என்று இருந்தால் ரேம் பற்றாக்குறை உறுதி. ‘ஃபால்ஸ்’ என்று இருந்தாலும் ரேமை விலக்கிவிட முடியாது: மொத்த மெய்நிகர் மெஷினுக்கும் ரேம் தீர்ந்து கெர்னல் ஒரு பிராசஸைக் கொன்றிருக்கலாம். உபுண்டுவில் ‘டிஎம்இஎஸ்ஜி’ பார்த்தால் தெரிந்துவிடும். நிற்கும் எண் 127 என்றால் கட்டளையே இல்லை, 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை. இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

வட்டு நிரம்புவது அடுத்தது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் சி டிரைவ் சிவப்பாகிவிடும். இமேஜ்களை அழித்தாலும் இடம் திரும்ப வராது, ஏனென்றால் எல்லாம் ‘டாக்கர்_டேட்டா.விஎச்டிஎக்ஸ்’ என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு வளரும், தானாகச் சுருங்காது. முதலில் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ அடித்து எது தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பில்டு கேச் (இமேஜ் உருவாக்கும்போது சேரும் இடைக்கோப்புகள்). ‘டாக்கர் பில்டர் ப்ரூன்’ அதைத் துடைக்கும், டேட்டாவுக்கு ஆபத்தில்லை. பிறகு டாக்கரை மூடி, டபிள்யூஎஸ்எல்லை நிறுத்தி, அட்மின் பவர்ஷெல்லில் ‘டிஸ்க்பார்ட்’ திறக்கவேண்டும். அதில் வரிசையாக ‘செலக்ட் விடிஸ்க்’ கட்டளையோடு கோப்பின் முழுப் பாதை, ‘அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி’, ‘காம்பாக்ட் விடிஸ்க்’, ‘டிடாச் விடிஸ்க்’. விண்டோஸ் ஹோமில் ஹைப்பர்-வி (விண்டோஸின் மெய்நிகர் மெஷின் வசதி) கட்டளைகள் இல்லாததால் இந்த வழிதான் எல்லோருக்கும் பொது. டி டிரைவில் இடம் இருந்தால் செட்டிங்ஸ், ரிசோர்ஸஸ் பக்கத்தில் ‘டிஸ்க் இமேஜ் லொக்கேஷன்’ மாற்றி முழுக் கோப்பையும் அங்கே தள்ளிவிடலாம். இந்த வசதி அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

வட்டை மறைந்திருந்து தின்னும் இன்னொன்று கண்டெய்னர் லாக் (ஓடும்போது எழுதப்படும் பதிவு). இயல்பாக உள்ள ‘ஜேசன்-ஃபைல்’ முறையில் லாகுக்கு வரம்பே கிடையாது. டாக்கர் எஞ்சின் செட்டிங்ஸில் ‘மேக்ஸ்-சைஸ்’ 10எம், ‘மேக்ஸ்-ஃபைல்’ 3 என்று வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் கண்டெய்னர்களுக்கு இது பொருந்தாது. அழித்து மறுபடி உருவாக்கவேண்டும்.

இணையத்துக்கு வருவோம். டாக்கர் ஹப்பில் (இமேஜ்களின் இணையக் களஞ்சியம்) உள்நுழையாமல் இமேஜ் எடுத்தால் ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 என்று வரம்பு. கல்லூரி லேபில் 60 மாணவர்கள் ஒரே இணைப்பில் உட்கார்ந்து நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஒன்று, போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) ஒன்று இழுத்தால் 120. கடைசி வரிசைக்கு ‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’. இலவசக் கணக்கில் உள்நுழைந்தால் ஆளுக்கு 200 ஆகிவிடும். அதைவிட நல்ல வழி, ஒரு மெஷினில் மட்டும் இறக்கி ‘டாக்கர் சேவ்’ மூலம் டார் கோப்பாக்கி, பென் டிரைவிலோ லேன் வழியாகவோ கொடுத்து, மற்ற மெஷின்களில் ‘டாக்கர் லோடு’ செய்வது. நோட் முழு இமேஜ் விரிந்தால் 1 ஜிபியைத் தாண்டும். ‘ஸ்லிம்’ வகை 200 எம்பியை ஒட்டித்தான். பாடத்துக்கு ஸ்லிம் தாராளம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருபவர்கள் வழியில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இமேஜ் இழுத்தால் ‘டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் டைம்அவுட்’ வரும். டாக்கர் ஒரே நேரத்தில் மூன்று லேயர்களை (இமேஜின் அடுக்குகளை) இறக்கப் பார்க்கிறது. பலவீனமான இணைப்பு அதைத் தாங்காது. எஞ்சின் செட்டிங்ஸில் ‘மேக்ஸ்-கன்கரன்ட்-டவுன்லோட்ஸ்’ என்பதை 1 ஆக்குங்கள். ஒவ்வொன்றாக வந்தாலும் முடிந்த லேயர் முடிந்ததுதான், அறுந்தாலும் அடுத்த முறை மீதி மட்டும் வரும்.

‘போர்ட்ஸ் ஆர் நாட் அவெய்லபிள்’ பிழையில் புதியவர்கள் பாதி நாளைத் தொலைக்கிறார்கள். ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ பார்த்தால் போஸ்ட்கிரஸின் 5432 போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) யாரும் பிடித்திருக்கமாட்டார்கள், இருந்தும் அனுமதி மறுப்பு வரும். ஹைப்பர்-வி தனக்கென்று சில போர்ட் வரிசைகளை ஒதுக்கிவைத்திருப்பதே காரணம். ‘நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் புரோட்டோகால்=டிசிபி’ அந்த வரிசைகளைக் காட்டும். உங்கள் போர்ட் அதற்குள் விழுந்திருந்தால் அட்மினாக ‘நெட் ஸ்டாப் வின்நாட்’, உடனே ‘நெட் ஸ்டார்ட் வின்நாட்’. மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் தானாகச் சரியாவதும் இதனால்தான்: ஒதுக்கீடு ஒவ்வொரு முறையும் மாறும்.

கோப்புகள் விஷயத்தில் டாக்கர் டெஸ்க்டாப் மேல் பழி போடுவது நியாயமில்லை. ப்ராஜெக்ட் சி டிரைவில் இருந்து கண்டெய்னர் உபுண்டுவில் இருந்தால், ஒவ்வொரு கோப்பு வாசிப்பும் இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே பாலம் கடக்கவேண்டும். ‘நோட்_மாட்யூல்ஸ்’ போல ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் நகரவே நகராது. கோப்பு மாறிய செய்தியும் அந்தப் பாலத்தைத் தாண்டாததால் ஹாட் ரீலோட் (கோப்பு மாறியதும் ஆப் தானாகப் புதுப்பித்துக்கொள்வது) வேலை செய்யாது. ப்ராஜெக்ட்டை உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்குள் குளோன் செய்து, விஎஸ் கோடு எடிட்டரின் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷன் வழியாகத் திறந்தால் இரண்டும் தீரும்.

இன்னொன்று, ‘என்ட்ரிபாயின்ட்.எஸ்எச்: நோ சச் ஃபைல்’. கோப்பு கண்ணெதிரே இருக்கும், கண்டெய்னர் இல்லை என்று சாதிக்கும். விண்டோஸில் கிட் (ப்ராஜெக்ட்டின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரி முடிவுகளை விண்டோஸ் பாணியான சிஆர்எல்எஃப் ஆக மாற்றியிருக்கும். முதல் வரியில் ‘பின்/எஸ்எச்’ என்பதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து சேர்ந்து, லினக்ஸ் அந்தப் பெயரில் ஒரு புரோகிராமைத் தேடி ஏமாறுகிறது. விஎஸ் கோடின் கீழ் வலது மூலையில் சிஆர்எல்எஃப்-ஐ லினக்ஸ் பாணியான எல்எஃப் ஆக்கிச் சேமித்து இமேஜை மறுபடி பில்டு செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு, ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் எஸ்எச் கோப்புகளுக்கு ‘ஈஓஎல்=எல்எஃப்’ என்று ஒரு வரி. ஒருவர் மேக், ஒருவர் விண்டோஸ் என்று கலந்து வேலை செய்யும் குழுவுக்கு இந்த ஒரு வரி கட்டாயம்.

குமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. கரண்ட் போவதும் வருவதும் இரண்டு பருவத்திலும் நடக்கும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் கணினியில் டேட்டாபேஸ் கண்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் தப்பிவிடும். மறுபடி எழும்போது லாகில் ‘ஆட்டோமேட்டிக் ரெகவரி இன் ப்ராக்ரஸ்’ என்று காட்டி, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் டபிள்யூஏஎல் பதிவிலிருந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த நேரத்தில் பதறி கண்டெய்னரை அழிக்கவேண்டாம். அதற்குள் உங்கள் ஆப் கண்டெய்னர் ‘கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்’ என்று விழுந்திருக்கும், ஏனென்றால் கம்போஸின் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவி) ‘டிபெண்ட்ஸ்_ஆன்’ டேட்டாபேஸ் கண்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும் பார்க்கிறது, தயாரா என்று பார்ப்பதில்லை. டேட்டாபேஸுக்கு ‘பிஜி_இஸ்ரெடி’ கொண்டு ஹெல்த்செக் வையுங்கள், 5 விநாடிக்கு ஒருமுறை, 12 முயற்சி. ஆப்பின் ‘டிபெண்ட்ஸ்_ஆன்’ நிபந்தனையை ‘சர்வீஸ்_ஹெல்தி’ ஆக்குங்கள். ஒரு நிமிடம்வரை பொறுத்திருந்து எழும்பும். விஎச்டிஎக்ஸ் கோப்பே கெட்டுப்போனால் போஸ்ட்கிரஸின் எந்தத் தற்காப்பும் உதவாது, எனவே ‘பிஜி_டம்ப்’ மூலம் டேட்டாபேஸின் நகலை எடுத்து அந்தக் கோப்பை டபிள்யூஎஸ்எல்லுக்கு வெளியே விண்டோஸ் ஃபோல்டரில் வைப்பது அவசியம்.

உரிமம் பற்றி. 250 பேருக்குக் குறைவான ஊழியர்கள், ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவு, இந்த இரண்டும் பொருந்தும் நிறுவனங்களுக்கு டாக்கர் டெஸ்க்டாப் இலவசம்; படிப்புக்கும் சொந்த உபயோகத்துக்கும் இலவசம். 2021 ஆகஸ்ட் முதல் இதுதான் விதி. நாகர்கோவில் கோணம் பகுதியிலோ செட்டிகுளத்திலோ இருபது பேரோடு நடக்கும் நிறுவனத்துக்குக் கவலையில்லை. பெரிய நிறுவனத்தின் வேலையை வீட்டிலிருந்து செய்பவருக்கு, லேப்டாப் சொந்தமானது என்பதால் மட்டும் இலவசம் ஆகாது. டாக்கர் எஞ்சின் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவது. அதற்கு இந்த வரம்பு கிடையாது.

8 ஜிபிகாரர்களுக்கு அந்த எஞ்சின் வழியைப் பரிந்துரைக்கிறோம். உபுண்டுவின் ‘டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்’ கோப்பில் ‘பூட்’ பகுதியின்கீழ் ‘சிஸ்டம்டி=ட்ரூ’, டாக்கரின் சொந்த ஆப்ட் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவி) களஞ்சியத்திலிருந்து ‘டாக்கர்-சிஇ’, பிறகு உங்களை ‘டாக்கர்’ குழுவில் சேர்த்து வெளியேறி நுழைதல். இழப்புகளும் உண்டு. வரைகலைத் திரை இல்லை. ‘ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்’ (கண்டெய்னரிலிருந்து வெளி மெஷினை அழைக்கும் முகவரி) தானாகக் கிடைக்காது, கம்போஸில் ‘எக்ஸ்ட்ரா_ஹோஸ்ட்ஸ்’ பகுதியில் ‘ஹோஸ்ட்-கேட்வே’ என்று எழுதவேண்டும். உபுண்டு டெர்மினலை எல்லாம் மூடிவிட்டால் சிறிது நேரத்தில் டபிள்யூஎஸ்எல் தூங்கி கண்டெய்னர்களும் நின்றுவிடும். ஒரு ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

மாறுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. டாக்கர் டெஸ்க்டாப்பை அன்இன்ஸ்டால் செய்தால் இமேஜ், கண்டெய்னர், வால்யூம் அத்தனையும் அழியும். டேட்டாபேஸ்களை டம்ப் எடுங்கள், மற்ற வால்யூம்களை வால்யூம்ஸ் பக்கத்து எக்ஸ்போர்ட் வழியாக வெளியே எடுங்கள், புதிய எஞ்சினில் ஏற்றி ஆப் ஓடுகிறதா என்று சரிபாருங்கள். அன்இன்ஸ்டால் அதற்குப் பிறகுதான்.