குல்லா பின்னும் கிட்: நூல் தேறுது, ஊசிதான் தப்பு

புதுச்சேரியில் கம்பளிக் குல்லாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், மார்கழி விடியலில் கடற்கரைச் சாலையில் நடக்கும் பெரியவர்களைப் பார்த்தால் போதும். மங்கி கேப் மாட்டாமல் வருபவர் குறைவு. போதாததற்குப் பிரான்சில் பிள்ளையோ பேரனோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். டிசம்பர் நெருங்கினால் ‘நாமே ஒன்று பின்னி அனுப்பினால் என்ன’ என்ற யோசனை வரும். அந்த யோசனையைக் குறிவைத்து ஆன்லைனில் விற்பதுதான் இந்த ‘தொடக்கக் கிட்’.

பெட்டிக்குள் 100 கிராம் அக்ரிலிக் நூல் 2 உருண்டை, ஒரு ஜோடி மூங்கில் ஊசி, பிளாஸ்டிக் தையல் ஊசி ஒன்று, கண்ணிகளை (ஊசியில் மாட்டி நிற்கும் நூல் சுழிகளை) அடையாளம் வைக்கப் பத்து வளையம், ஒரு பக்க வழிமுறைத் தாள்.

முதலில் நூல். லேபிளில் 100 கிராமுக்கு 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. முதல் குல்லாவுக்கு இந்தத் தடிமன்தான் சரி. ஒரு ஸ்கேலில் நெருக்காமல் பக்கம் பக்கமாகச் சுற்றிப் பார்த்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு 9 சுற்று வருகிறது. முறுக்கு நன்றாக இருப்பதால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்து நூலைப் பிளக்கவில்லை. வெளிர் சாம்பல் நிறம் கொடுத்ததும் நல்ல முடிவு. கருப்பிலும் கருநீலத்திலும் ஆரம்பித்தால் கண்ணி எங்கே இருக்கிறது என்று டியூப் லைட் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. பெரியவர் குல்லா ஒன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் ஆகும். ஆக, ஒரு பெட்டியில் இரண்டு குல்லா தாராளமாக வரும்.

சிக்கல் ஊசியில். வழிமுறைத் தாள் ‘8-ஆம் நம்பர் ஊசியில் 96 கண்ணி போடவும், பெரியவர் அளவு’ என்கிறது. பெட்டியில் இருக்கும் ஊசியிலும் 8 என்று பொறித்திருக்கிறது. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்கக் கணக்கில் 8-ஆம் நம்பர் 5 மி.மீ.; நம் ஊர்க் கடைகளில் பழகிய பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ஆம் நம்பர் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் கணக்கில் மெலியும். இரண்டும் ஒத்துப்போவது 7-ஆம் நம்பரில்தான். அது இரண்டிலும் 4.5 மி.மீ. தாள் அமெரிக்கக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது, பெட்டிக்குள் பிரிட்டிஷ் கணக்கின் ஊசி வந்திருக்கிறது.

ஒரு மி.மீ.தானே என்று விட்டுவிட முடியாது. இந்த நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி. அப்படியானால் 96 கண்ணிக்குச் சுற்றளவு 44 செ.மீ.கூட வராது, அது கைக்குழந்தைக்குத்தான் ஆகும். அதே நூல் 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 19 கண்ணி; 96 கண்ணிக்கு 50.5 செ.மீ. பெரியவர் தலை 54 முதல் 58 செ.மீ. இருக்கும், பின்னல் இழுத்துக்கொடுக்கும் என்பதால் குல்லா 4, 5 செ.மீ. குறைவாக இருந்தால்தான் நழுவாமல் பிடிக்கும். தாளில் உள்ள கணக்கில் பிழை இல்லை, ஊசிதான் மாறிவிட்டது. தாத்தாவுக்கு ஆரம்பித்த குல்லா கொள்ளுப்பேரன் தலைக்குப் போவது இப்படித்தான்.

அதனால் முதல் நாள் குல்லாவைத் தொடாதீர்கள். 30 கண்ணி போட்டு 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணக் கூடாது. ஓரக் கண்ணிகள் எப்போதும் தளர்ந்தோ இறுகியோதான் இருக்கும். புதிதாகப் பின்னுகிறவர்கள் நூலை இறுக்கிப் பிடிப்பார்கள். 19க்குப் பதில் 21 வந்தால் கையைத் திருத்த முயலாமல் ஊசியை அரை மி.மீ. ஏற்றுவதே மேல்.

பெட்டியில் வந்த 4 மி.மீ. ஊசியைத் தூக்கிப் போட வேண்டாம். குல்லாவின் அடிப்பட்டை, அதாவது ரிப், மெல்லிய ஊசியில் பின்னினால்தான் நெற்றியைக் கவ்வும். அந்த ஊசியில் 98 கண்ணி போட்டு, ‘2 நிட் (நேர்ப் பின்னல்), 2 பர்ல் (எதிர்ப் பின்னல்)’ என்று 5 செ.மீ. தட்டையாகப் பின்னுங்கள். மறு பக்கம் வரும்போது 2 பர்லில் தொடங்கி 2 பர்லில் முடியும். 98 ஏன் என்றால், பட்டையின் இரண்டு ஓரத்தையும் கடைசியில் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு கண்ணி தையலுக்குள் போய்விடும். மிச்சம் இருக்கும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 2 நிட் ஆகிவிடும், தையல் கண்ணில் படாது.

பிறகு 5 மி.மீ. வட்ட ஊசிக்கு (இரண்டு முனைகளை ஒரு கேபிள் இணைக்கும் ஊசி, இதைத் தனியாக வாங்க வேண்டும்) மாற்றி, இரண்டு இடத்தில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி 96 ஆக்கி, வட்டமாக இணைத்துவிடலாம். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணி போட்ட உடனே வட்டமாக இணைத்தால் முதல் வரிசை ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். கவனிக்காமல் பின்னிக்கொண்டே போனால் பத்துச் சுற்றுக்கு அப்புறம்தான் தெரியும், பிரிப்பதைத் தவிர வழியில்லை. 5 செ.மீ. பட்டை வந்தபின் இணைத்தால் முறுக்கு கண்ணுக்கே தெரியும்.

வட்ட ஊசி 80 செ.மீ. நீளத்தில், வளையும் கேபிளோடு இருக்க வேண்டும். 40 செ.மீ. ஊசி குல்லாவின் உடம்புக்கு வசதிதான். ஆனால் உச்சியில் கண்ணி குறையும்போது எட்டாது, இருமுனை ஊசி ஒரு செட் தனியாக வாங்க வேண்டியிருக்கும். 80 செ.மீ. என்றால் கேபிளை நடுவில் வெளியே இழுத்துவிட்டு ‘மேஜிக் லூப்’ முறையில் கடைசிவரை ஒரே ஊசியில் முடிக்கலாம். ஜெய்ப்பூரின் நிட்ப்ரோ மாதிரி மி.மீ. அளவு போட்டு வருவதை வாங்கினால் நம்பர் குழப்பமே கிடையாது. தையல் பொருள் கடையில் கேட்டாலும் ‘8-ஆம் நம்பர்’ என்று கேட்காமல் ‘5 மி.மீ.’ என்றே கேளுங்கள். நூலிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது: ‘4 ப்ளை’ என்றால் நான்கு இழை முறுக்கியது என்றுதான் கடைக்காரர் சொல்வார், வெளிநாட்டு வழிமுறையில் அது 100 கிராமுக்கு 400 மீட்டர் ஓடும் மெல்லிய நூல். ப்ளையை மறந்துவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

அடியிலிருந்து 15 செ.மீ. ஆனதும் உச்சிக்குக் குறைக்கத் தொடங்கலாம். தாள் இந்த இடத்தில் ‘சீராகக் குறைக்கவும்’ என்று ஒரே வரியில் கை கழுவிவிடுகிறது. கணக்கு இதுதான்: 96ஐ எட்டுப் பங்காக்கி 12 கண்ணிக்கு ஒரு வளையம் மாட்டுங்கள். ஒவ்வொரு பங்கிலும் 10 நிட், அடுத்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். அடுத்த சுற்று குறைக்காமல். பிறகு 9 நிட், இரண்டு சேர்த்து. இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஆறு முறை குறைத்தால் 48 நிற்கும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16க்கு வந்ததும் நூலை 25 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 16 கண்ணிக்குள்ளும் இரண்டு தடவை ஓட்டி இழுத்துக் கட்டுங்கள். ஒரே தடவை ஓட்டினால் நாளடைவில் உச்சியில் ஓட்டை விழும். மொத்த உயரம் 21 செ.மீ. வரும், காது மூடும்.

மூங்கில் ஊசி புதியவர்களுக்கு நல்லது, கண்ணி வழுக்கி விழாது. ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் கை கசகசவென்று ஆனால் அக்ரிலிக் நூல் அதில் ஒட்டி நகர மறுக்கும். அலுமினியம் அப்போது சுலபம். மலிவான முலாம் பூசிய இரும்பு ஊசியை மட்டும் வாங்காதீர்கள். உப்புக் காற்றில் முலாம் உரிந்த இடத்தில் துருப்பிடித்து வெளிர் நூலில் கறை ஏற்றும்.

விடியல் நடைக்கும் ஊட்டிக்கும் இந்த அக்ரிலிக் போதும். பாரிஸ் குளிருக்கு, அதுவும் தூறலோடு சேர்ந்த குளிருக்கு, அசல் கம்பளியோ பாதி கம்பளி கலந்ததோ வேண்டும். ஈரமானாலும் சூடு காப்பது கம்பளிதான். அதை வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகும் என்பதைப் பார்சலிலேயே எழுதி அனுப்புங்கள். அக்ரிலிக்கை வெந்நீர் அவ்வளவு கெடுக்காது, அதற்கு இஸ்திரிப் பெட்டிதான் எமன்: சூடு பட்ட இடம் துவண்டு, ரிப்பின் இழுவை போய்விடும், திரும்ப வராது.